ஓடெட்டின் நான்காவது கம்பி

நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற ஆளைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. மொன்றியலில் அந்த ஆள் நானாக இருந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று முப்பத்தைந்து வருடமாக ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறவன். கனடாவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. ஜெராட் அண்ணனின் மகளுக்குக் கல்யாணம். ஜெராட் அண்ணன் மன்னார்க்காரர். சண்டைக் காலத்தில் படகேறி எங்கள் பக்கம் வந்து, அகதியாக இருந்த நாலு வருடமும் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பிறகு மொன்றியல் போய், துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டி, கர்க்லாண்ட் என்ற புறநகரில் வீடு வாங்கினார். வார நாளில் லாரி, சனி ஞாயிறில் கோயில் மண்டபத்துக்கு மைக் செட். "என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு நீ வாசிக்காமல் வேற ஆர் வாசிக்கிறது, செல்வின்?" என்று போனில் கேட்டார். போனேன், வாசித்தேன், சனிக்கிழமையோடு அது நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் ஞாயிறு. பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் ஒரு பழைய கல் கோயில். காலையில் தமிழ்ப் பூசை, அது முடிந்ததும் கொங்கோக்காரர்களின் பூசை. நம் ஆட்கள் பூசை முடிந்தாலும் லேசில் கிளம்ப மாட்டார்கள், கீழே மண்டபத்தில் மீன் ரோல்ஸும் தேநீருமாக நிற்பார்கள். அதற்குள் மேலே அவர்கள் பாட்டு தொடங்கிவிடும். தலைக்கு மேல் தரை அதிரும். எங்கள் ஊரில் பூசையில் அப்படிப் பாடினால் சாமியார் மூன்று ஞாயிறு பிரசங்கத்தில் திட்டுவார்.

மண்டபத்துச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் இருந்த முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த ரோல்ஸை மறந்துவிட்டேன்.

எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா மொம்பாசாவிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். கொங்கோ ரும்பா. அட்டையில் கோட்டுப் போட்ட பன்னிரண்டு ஆண்கள், ஓரத்தில் ஒரு பெண். நடுவில் கிதாரோடு நின்றவர்தான் இந்தச் சுவரொட்டிக்காரர், அம்ப்ருவாஸ். எங்கள் தெருவில் மூன்று அம்புரோஸ் இருந்தார்கள். ஆனால் எனக்கு அம்புரோஸ் என்றால் இவர்தான். அந்தப் பாட்டுகளில் பாதி வழியில் பாடகர்கள் விலகிக்கொள்வார்கள், கிதார் மட்டும் ஓட ஆரம்பிக்கும், சனம் எழுந்து ஆடும். அந்த இடத்துக்குப் பெயர் செபென். அந்தக் கேசட்டில் ஒரு செபென் உண்டு. கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம், ஒரே கையில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும்.

முப்பத்தெட்டு வருடமாக அதை வாசிக்கப் பார்க்கிறேன், விரல் எட்டாது. பேனாவை விட்டு டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். இரண்டு பேர் வாசித்திருப்பார்கள் என்று ஒருநாள் தோன்றும், இல்லை ஒரே ஆள்தான் என்று மறுநாள் தோன்றும். கடைசியில், அந்த மனுஷனுக்கு விரல் நீளம், நமக்குக் குட்டை, அவ்வளவுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

"உவரைத் தெரியுமோ உனக்கு?" என்றார் ஜெராட் அண்ணன். "செத்து ஒரு வருசம். வாற ஞாயிறு இஞ்சதான் அஞ்சலி. சவுண்ட் நான்தான் போடுறன். மனிசி பக்கத்துத் தெருவிலதான் இருக்கிறா. அவவின்ர கிற்றார் கரகரக்குதாம், ஒருக்காப் பாத்துத் தரச் சொன்னவ. நாளைக்கு நீயும் வாறியோ?"

அன்றைக்கே போகலாமா என்று கேட்டேன்.

திங்கட்கிழமை போனோம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய மாடிப்படியை மொன்றியலில் வெளியே போட்டிருக்கிறார்கள். இரும்புப் படி, தெருவிலிருந்து வளைந்து மூன்றாம் மாடிவரை போகிறது. ஆறு மாதம் பனி பெய்கிற ஊரில் இந்த யோசனை யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. ஏப்ரல் வந்தும் ஓரங்களில் அழுக்குப் பனி கிடந்தது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழனிப் படி ஏறுகிற கிழவனைப் போல ஏறினேன்.

கதவைத் திறந்தவருக்கு அறுபத்தாறு வயது. தலையில் நீலத் துணிக்கட்டு, தடித்த கண்ணாடி. முதலில் என் ஷூவைப் பார்த்தார், பிறகுதான் முகத்தை. எல்லாரும் அவரை மமா ஓடெட் என்கிறார்கள், அங்கே அது அம்மா என்று அர்த்தம். உட்காரச் சொல்லவில்லை, சாப்பிடச் சொன்னார். மரவள்ளி இலையை இடித்துப் பாமாயிலில் வேகவைத்து, கருவாடு போட்ட ஒரு கூட்டு. தொட்டுக்கொள்ள மரவள்ளி மாவுக் களி. கருவாட்டில் தூத்துக்குடிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன். அந்தக் கூட்டை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டபோது அந்த நினைப்பு போய்விட்டது.

"உங்கள் கணவர் வாசித்த ஒரு செபென்தான் என்னைக் கிதார்காரன் ஆக்கியது" என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். ஓடெட் பல வருடம் நைரோபியில் இருந்தவர், ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும்.

"எந்த செபென்?"

வாயால் பாடிக் காட்டினேன். அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அது நான் வாசித்தது."

ஜெராட் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"அது மட்டுமில்லை. ஒன்பது வருடம், எல்லாக் கேசட்டிலும் நான்தான்" என்றார். "ஸ்டூடியோவில் நான் வாசிப்பேன். மேடையில் அவர் பக்கத்தில் இன்னொருவனை நிறுத்திக்கொண்டு, இரண்டு பேருமாக அதைச் சமாளிப்பார்கள். பெண் வாசித்தாள் என்றால் கேசட் போகாது என்றார் கம்பெனிக்காரர். அம்ப்ருவாஸ் சரி என்றார். நானும் சரி என்றேன், அப்போது வயிற்றில் பிள்ளை. இன்றைக்கு நைரோபியிலும் பாரிஸிலும் கிதார் எடுக்கிற ஒவ்வொருவனும் என் செபெனில்தான் தொடங்குகிறான். எல்லாரும் அதை அம்ப்ருவாஸ் பாணி என்கிறார்கள்."

ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்றும் சொன்னார். அஞ்சலியை நடத்துகிற கொங்கோ சங்கத் தலைவர் அம்ப்ருவாஸின் அக்கா மகன். மேடையில் அம்ப்ருவாஸின் கிதாரைப் பூ வைத்து நிறுத்துவார்கள். இளைஞர்களின் குழு ஒன்று அவர் பாட்டுகளை வாசிக்கும். விதவைக்குத் துணி போர்த்தி ஒரு நாற்காலியில் உட்காரவைப்பார்கள்.

"நானும் வாசிப்பேன் என்றேன். சிரித்தார்கள். அந்த செபெனை ஒற்றை ஆளாக, ஒரே கிதாரில், அவர்கள் எல்லார் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். அம்ப்ருவாஸால் முடியாது என்று கூட வாசித்த பழைய ஆட்களுக்கெல்லாம் தெரியும். வாயைத் திறக்க மாட்டார்கள். என் கை திறக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு ரிதம் வாசிக்க ஒரு ஆள் வேண்டும். இங்கே இருக்கிறவர்கள் தலைவரைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். உனக்குத்தான் இங்கே யாரையும் தெரியாதே. வாசிக்கிறாயா?"

சரி என்றேன். நம்பினேனா என்று கேட்டால், இல்லை. கணவன் போன துக்கம், வயசு, யாரும் கண்டுகொள்ளாத கோபம், இப்படி ஏதேதோ காரணம் என் மூளை அடுக்கியது. அட்டைப்படத்தின் ஓரத்தில் நின்ற பெண் இவர்தான் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் கையில் கிதார் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

கிதாரைப் பெட்டியோடு கொடுக்கும்போது இரண்டு தடவை சொன்னார்: "வயரை மட்டும் பார். வயரை மட்டும்."

செவ்வாய்க்கிழமை கர்க்லாண்டில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ஊரில் பகலில் மனித நடமாட்டமே இல்லை, வீடுகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பேஸ்மென்டில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். வயர் சொருகுகிற இடத்தில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. ஈயம் வைத்தேன், பத்து நிமிடத்தில் கரகரப்பு போய்விட்டது.

அங்கேயே மூடி வைத்திருக்க வேண்டும். ஆனால் கம்பிகளைப் பார்த்துவிட்டேன். கறுத்துப்போன பழைய கம்பிகள். அதைவிட, நான்காவது இடத்தில் தடித்த சுற்றுக் கம்பிக்குப் பதிலாக மெல்லிசாக ஒரு முதல் கம்பி கட்டியிருந்தது. கம்பி வரிசையை எந்தக் கிதார் வகுப்பிலும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரக்கமும் வந்தது. பாவம், கம்பி எங்கே எதைக் கட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, இவரா அந்த செபெனை வாசித்தார் என்று நினைத்தேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய கச்சேரி என்றால் முதல்நாள் கம்பி மாற்றிவிடுவோம். பக்கத்து ஆளின் கிதார் என்றாலும் கேட்க மாட்டோம், மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு டீ வாங்கித் தரச் சொல்வோம். அதுதான் எங்களுக்கு மரியாதை. நான் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரே ஒரு புது செட்டை எடுத்தேன். ஆறு கம்பியையும் மாற்றினேன். நான்காவதைச் 'சரியாக'க் கட்டினேன். உடம்பைத் துணியால் துடைத்துப் பளபளக்க வைத்தேன். பழைய கம்பிகளைச் சுருட்டி நீலக் குப்பைத் தொட்டியில் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை நகராட்சி லாரி வந்து அதைக் கொட்டிக்கொண்டு போனது.

புதன்கிழமை ரிதம் பழக வரச் சொல்லியிருந்தார். முதலில் ஜான்-டலோன் சந்தைக்கு வா, காய் வாங்க வேண்டும் என்றார். என் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் போனேன். சந்தை நம் ஊர்ச் சந்தை மாதிரி கத்தவில்லை. தக்காளியை நகைக்கடையில் வைப்பது போல அடுக்கியிருந்தார்கள். ஒரு கடையில் மேப்பிள் பாகு குச்சியில் சுற்றிக் கொடுத்தார்கள், நம் பதநீர்ப் பாகுக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். ஓடெட் மிளகாய்க் கடையில் நின்று, இது உறைக்காது, அது உறைக்காது என்று ஒவ்வொன்றாக முகர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் பொறுமையாக "பொன்ஜூர் மதாம்" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் ஓடிவந்தார். பிரெஞ்சில் ஏதோ சொல்லி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஓடெட் அவர் தோளைத் தட்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"என்ன கேட்டார்?"

"அம்ப்ருவாஸின் மனைவிதானே என்று கேட்டார். இல்லை, அம்ப்ருவாஸ்தான் என் கணவர் என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்."

வீட்டில் இரண்டு மணி நேரம் என்னை வறுத்து எடுத்தார். அவருடைய கிதார் என்னிடம் இருந்ததால், வாயால் முனகிக்கொண்டு, கரண்டியால் மேசையைத் தட்டினார். நம் மேடைகளில் ரிதம் என்றால் பாடகரின் பின்னால் ஓடுவது. அங்கே அப்படி இல்லை, ஒரே இடத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "முன்னால் ஓடாதே, உன்னை யாரும் துரத்தவில்லை" என்று நாலு தடவை சொன்னார். அவர் முனகிய சுரங்களும் கேசட்டில் இருந்தவையும் ஒன்றாக இருந்தன. கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும் என்று அப்போதும் நினைத்தேன். என் தலையை எதில் செய்தார்களோ.

சனிக்கிழமை மதியம் கிதாரைக் கொடுத்துவிட்டு ஒருமுறை சேர்ந்து வாசித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பனி கரைந்ததும் மொன்றியல் தெருக்களில் குழி விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். கனடாவில் குழியாவது என்று நான் நம்பவில்லை. ஜெராட் அண்ணனின் வேன் ஒரு குழியில் இறங்கி, டயர் கிழிந்து, சக்கரமே கோணிக்கொண்டு நின்றது. எங்கள் ஊர்க் குழிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வேறு, ஆள் ஒருவரும் இல்லை. இழுவை வண்டி வர நாலு மணி நேரம் ஆனது. ஓடெட்டுக்குப் போன் செய்தோம். "பரவாயில்லை, நாளைக்கு நேராக மண்டபத்துக்குக் கொண்டு வா, என் கைக்கு அந்தக் கிதாரைத் தெரியும்" என்றார்.

ஞாயிறு மாலை ஆறு மணி. மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையின் நடுவில் அம்ப்ருவாஸின் சிவப்புக் கிதார் ஸ்டாண்டில் நின்றது, காலடியில் வெள்ளைப் பூக்கள். பக்கத்தில் தங்க நிறத் துணி விரித்த ஒரு நாற்காலி. நாங்கள் பின்னால் சமையலறையில் இருந்தோம். ஓடெட் பெட்டியைத் திறந்தார். பளபளப்பைப் பார்த்தார். ஆறு கம்பியையும் ஒரு தடவை வருடினார்.

நான்காவதை மட்டும் மறுபடி தட்டினார்.

"என் கம்பி எங்கே?"

"பழசாக இருந்தது. எல்லாம் புதுசு போட்டேன்."

"நான்காவது எங்கே?"

"அது தப்பாக மெல்லிசாக இருந்தது. சரியாக்கிவிட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிதாரை மடியில் படுக்கவைத்து, நான்காவது இடத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "எங்கள் ஊரில் பலர் இப்படிக் கட்டுவார்கள். இந்த இடத்தில் மெல்லிய கம்பி, ஒரு ஸ்தாயி மேலே. அம்ப்ருவாஸ் கட்டியதே இல்லை, அதில் அவர் கை தடுமாறும். போய் மேடையில் பார், அவர் கிதாரில் ஆறும் கடைக்காரன் கட்டிய வரிசை. என் செபென் இந்தக் கம்பியில் இருக்கிறது. இது இல்லாமல் ஒரே கிதாரில் அதை யாராலும் வாசிக்க முடியாது. என்னாலும் முடியாது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் விரல் எட்டாத அந்த மேல் சுரத்துக்கு விரல் போக வேண்டியதே இல்லை. பக்கத்துக் கம்பியிலேயே அது இருந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் தேடியதைச் செவ்வாய்க்கிழமை கையில் பிடித்து, இரக்கப்பட்டு, சுருட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"நீ என்னை நம்பவில்லை" என்றார் ஓடெட். "கம்பியைப் பார்த்ததும், கிழவிக்குக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்தாய்."

அப்படித்தான் நினைத்தேன். கம்பெனிக்காரர், கணவர், அக்கா மகன் என்று ஒரு வரிசை இருந்தது. கடைசியில் நானும் போய் நின்றிருக்கிறேன். வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"அழாதே, அதற்கு நேரமில்லை. மெல்லிய கம்பி ஒன்று கொண்டு வா."

ஜெராட் அண்ணன் கையை விரித்தார். "ஞாயிறு அஞ்சு மணிக்கே கடையளைப் பூட்டிப்போடுவாங்கள். மூலையில தெப்பனோர்க் கடை திறந்திருக்கும், அங்க பாலும் பியரும்தான் இருக்கும்."

என் கிதாரை எடுத்தேன். முதல் கம்பியைக் கழற்றி அவருடைய நான்காவது இடத்தில் கட்டினோம். கல்யாணத்திலும் ஒரு வாரப் பழக்கத்திலும் தேய்ந்த கம்பி. பழைய மடிப்பு, கம்பியை முறுக்கும் கீயில் ஏறும்போதே அறுந்து என் கையைக் கீறியது. இப்போது என் கிதாரில் ஐந்து, அவருடையதில் ஐந்து.

மேடையில் தலைவர் அவர் பெயரைக் கூப்பிட்டார். பெயரை அல்ல, "அம்ப்ருவாஸின் அன்பு மனைவி" என்று கூப்பிட்டார். ஓடெட் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இரண்டு கிதாரையும் எடுத்துக்கொண்டு என் பின்னால் வா" என்றார்.

தலைவர் நல்ல உயரம், வெளிர் நிறக் கோட்டு, மரியாதையான ஆள். குனிந்து துணியைப் போர்த்தினார். ஓடெட் நன்றி சொன்னார். நாற்காலிக்குப் போகவில்லை. நேராகச் சிவப்புக் கிதாரிடம் போனார். பூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார், ஒன்றையும் கசக்கவில்லை. பிறகு முதல் கம்பியின் கீயைத் திருகித் தளர்த்த ஆரம்பித்தார்.

கம்பி சுற்றுச் சுற்றாகக் கழன்று வருவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அத்தை, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். ஓடெட் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். மண்டபத்தில் பாதி சிரித்தது, பாதி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஜெராட் அண்ணன் அதை எனக்குச் சொன்னார்: "அம்ப்ருவாஸ் இன்றைக்குச் சும்மாதானே நிற்கிறார். அவருடைய கம்பியாவது வேலை செய்யட்டும்."

நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால், செத்துப்போன மனுஷனின் முதல் கம்பியைத் தன் நான்காவதாகக் கட்டினார். நான் முட்டிபோட்டு கீயை மெல்ல மெல்லத் திருகினேன். அறுந்தால் அவ்வளவுதான். கம்பி முனகி முனகி மேலே ஏறியது, சுருதியில் போய் நின்றது, அறுந்துபோகவில்லை.

தலைவர் மண்டபத்தின் பின்பக்கம் சவுண்ட் மேசைக்குப் போயிருந்த ஜெராட் அண்ணனைப் பார்த்துக் கையை வெட்டிக் காட்டினார், சவுண்டை நிறுத்து என்று. ஜெராட் அண்ணன் அசையவில்லை. தலைவர் நடந்தே போய்ப் பிரெஞ்சில் சொன்னார். முப்பது வருடம் அந்த ஊரில் பிரெஞ்சில் லாரி ஓட்டி, பிரெஞ்சில் சண்டை போட்டு, பிரெஞ்சில் வரி கட்டிய மனுஷன், முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு தமிழில் பதில் சொன்னார்: "என்ன சொல்லுறீங்கள் ஐயா? எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் விளங்காது." சொல்லிக்கொண்டே ஓடெட்டின் கிதார்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். அந்த மண்டபத்து வேலை அதோடு போய்விடலாம் என்று அவருக்குத் தெரியும்.

ரிதத்தை நான் ஆரம்பித்தேன். ஐந்து கம்பி, ஒரே இடத்தில் சுற்றினேன், முன்னால் ஓடவில்லை. எட்டுச் சுற்றுக்குப் பிறகு ஓடெட் உள்ளே வந்தார்.

அதே செபென். கேசட்டில் கேட்ட அதே கை. கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு பேர் வாசிப்பது போல, ஆனால் ஒரே ஒரு பெண், கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு, விரலை அதிகம் நகர்த்தக்கூட இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். மேடை ஓரத்தில் நின்ற இளைஞர் குழுவின் இரண்டு கிதார்காரர்களும் அவருடைய இடது கையைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்டாண்டில் ஐந்து கம்பியோடு நின்ற சிவப்புக் கிதாரைப் பார்த்தார்கள்.

செபெனில் ஒரு ஆள் மைக்கில் நின்று பெயர்களைக் கூவுவது அவர்கள் வழக்கம். யார் பெயரைக் கூவுகிறானோ அவருக்கு அந்த ஆட்டம். குழுவின் கூவுகிற பையன் பழக்க தோஷத்தில் "அம்ப்ருவாஸ்!" என்று கூவினான். முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்தாள். கோலை நாற்காலியில் சாத்திவிட்டு, "ஓடெட்!" என்று திருப்பிக் கூவினாள். அவள் பக்கத்தில் இருந்த பெண்களும் எழுந்தார்கள். பழைய ஆட்கள் சிலர், வாயைத் திறக்கமாட்டார்கள் என்று ஓடெட் சொன்ன அதே ஆட்கள், தரையைப் பார்த்தபடி முதலில் மெதுவாகவும் பிறகு சத்தமாகவும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பையன் தலைவரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

"ஓடெட்! ஓடெட்! ஓடெட்!"

நான் அழுதுகொண்டே வாசித்தேன். சொல்ல வெட்கம் இல்லை.

தலைவர் ஆடவில்லை, கைதட்டவும் இல்லை. சுவரொட்டியையும் யாரும் மாற்றவில்லை, நாங்கள் போகும்போது அம்ப்ருவாஸ்தான் சிரித்துக்கொண்டிருந்தார். ஓடெட் சிவப்புக் கிதாரின் காலடியில் பூக்களை எடுத்தபடியே திரும்ப வைத்தார். கம்பியைத் திரும்ப வைக்கவில்லை.

படியேறி வீடுவரை கொண்டுவிட்டோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரிதம் சுமார்" என்றார். "மன்னிப்பெல்லாம் கிடையாது, வேலை இருக்கிறது. ஊருக்குப் போய் இதை வாசி. கேட்கிறவர்களிடம் என் பெயரைச் சொல்."

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கீபோர்டுக்காரன் ஸ்டீபன், இருபது வருடச் சிநேகிதன், என் கிதாரை எட்டிப் பார்த்தான்.

"என்ன செல்வின், நாலாவது கம்பியத் தப்பா மாட்டியிருக்க? கொண்டா, ரெண்டு நிமிசத்துல மாத்தித் தாரேன்" என்று கையை நீட்டினான். நல்லவன். உதவி செய்யத்தான் வந்தான்.

"கைய எடு" என்றேன்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "ஏன்ல, அப்படி யாரு கம்பி அது?"

"மைக்கக் கொடு" என்றேன். "எல்லாருக்கும் சேத்தே சொல்லுதேன். அவங்க பேரு ஓடெட்."